இணையக் கடையில் விளைபொருள் விற்பனை: பக்கங்களை அமைப்பது எப்படி?

குளத்தூர், விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரக் கரிசல் நிலங்களில் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு போகம்தான். வடகிழக்குப் பருவமழையை நம்பி உளுந்து, பாசிப்பயறு, கம்பு, சோளம், குதிரைவாலி, மல்லி, மிளகாய் என்று விதைக்கிறோம். தை, மாசி மாதங்களில் எல்லாருடைய சரக்கும் ஒரே சமயத்தில் களத்துக்கு வருகிறது. மிளகாய் வத்தல் சாக்கில் ஏறி விருதுநகர் போய்ச் சேர்ந்த பிறகு, அது எந்த ஊர் வத்தல், எந்த ரகம், மண் தரையில் காய்ந்ததா தார்ப்பாயில் காய்ந்ததா என்ற விவரமெல்லாம் மறைந்துவிடுகிறது. நல்ல சரக்கும் சுமாரான சரக்கும் ஒரே குவியலாகி, பேர் தெரியாத வத்தலாக ஊர் ஊராகப் போகிறது.

இதே வத்தலைச் சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் உள்ள குடும்பங்கள் செல்போனில் தேடி வாங்குகின்றன. அந்தத் தேடலில் நம் ஊர்ச் சரக்கு கண்ணில் பட்டால் நேரடி விற்பனைக்கு வழி உண்டு. 2020ஆம் ஆண்டு மத்திய அரசு 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பிறகு சிறு விவசாயிகள் கூட்டாகச் சேர்ந்து இணையக் கடை வைப்பது பற்றிப் பல ஊர்களில் பேச்சு நடக்கிறது. ஆனால் கடை திறந்து பல மாதமாகியும் ஆர்டர் வரவில்லை என்ற குறையும் உண்டு. சரக்கு நன்றாக இருந்தும் இப்படி ஆவதற்கு ஒரு முக்கியக் காரணம், கடையின் பக்கங்கள் தேடுபொறிக்குப் புரியும்படி அமைக்கப்படாததுதான். இதைச் சரியாக அமைக்கும் முறைக்கு எஸ்.இ.ஓ. என்று பெயர். கணிப்பொறி படித்தவர்கள்தான் இதைச் செய்ய முடியும் என்பதில்லை. செய்ய வேண்டியவற்றில் பெரும்பகுதி, சரக்கைத் தெரிந்த விவசாயி சொல்ல, எழுதத் தெரிந்தவர் எழுதினால் போதும் என்ற அளவில்தான் இருக்கிறது.

தேடுபொறி எப்படி வேலை செய்கிறது?

கூகுள் நிறுவனம் 1998இல் லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இருவரால் தொடங்கப்பட்டது. கூகுளின் தேடுபொறி மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலாவது, ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்துக்குச் செல்லும் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டே போய், புதிய பக்கங்களைக் கண்டுபிடிக்கிறது. இரண்டாவது, பார்த்த பக்கத்தில் உள்ள சொற்களைப் படித்துத் தன் பேரேட்டில் பதிந்துகொள்கிறது. மூன்றாவது, ஒருவர் எதையாவது தேடும்போது, பேரேட்டில் உள்ளவற்றில் எது பொருத்தம் என்று பார்த்து வரிசைப்படுத்திக் காட்டுகிறது.

இதில் விவசாயிகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தேடுபொறிக்கு வத்தலின் காரம் தெரியாது. உளுந்தின் மணம் தெரியாது. எழுதியிருப்பதுதான் அதற்குத் தெரியும். எழுதாத தரத்துக்கு அங்கே மதிப்பில்லை. இப்போது கூகுள், தேடுபவரின் கேள்விக்குத் தானே தொகுத்த விடையையும் மேலே காட்டுகிறது. அந்த விடையும் பலருடைய பக்கங்களில் எழுதப்பட்டிருப்பதைக் கொண்டுதான் தயாராகிறது.

கடையின் அமைப்பு

குளத்தூர்ப் பகுதி விவசாயிகள் 200 பேர் சேர்ந்து ஒரு கடை வைப்பதாக வைத்துக்கொள்வோம். கடையை மூன்று படிகளாக அமைப்பது நல்லது.

முதல் படி முகப்புப் பக்கம். யார் விற்கிறார்கள், எந்த ஊர், என்னென்ன சரக்கு என்பது இங்கே இருக்க வேண்டும்.

இரண்டாம் படி பிரிவுப் பக்கங்கள். மிளகாய் வத்தல், பருப்பு வகைகள், சிறுதானியங்கள், மசாலாப் பொருள்கள், கருப்பட்டி என்று ஐந்து பிரிவுகள் போதும்.

மூன்றாம் படி பொருள் பக்கங்கள். பருப்பு வகைகளுக்குக் கீழே முழு உளுந்து, தோல் உளுந்து, பாசிப்பயறு என்று வரும். சிறுதானியங்களுக்குக் கீழே கம்பு, சோளம், குதிரைவாலி அரிசி வரும்.

முகப்பிலிருந்து பிரிவுக்கும், பிரிவிலிருந்து பொருளுக்கும் இணைப்பு இருக்க வேண்டும். ஒவ்வொரு பொருள் பக்கத்தின் தலையிலும் ‘முகப்பு, சிறுதானியங்கள், குதிரைவாலி அரிசி’ என்று வந்த வழியைக் காட்டும் வரி இருப்பது நல்லது. வாங்குபவருக்கும் அது வழி காட்டும். தேடுபொறிக்கும் எந்தப் பொருள் எந்த இனத்தைச் சேர்ந்தது என்று புரியும். எந்த இணைப்பும் இல்லாமல் தனியே கிடக்கும் பக்கம், பாதை இல்லாத புஞ்சை போன்றது. விளைந்தாலும் வண்டி போய் எடுத்துவர முடியாது.

ஒரே ஒரு பொருளுக்காகத் தனிப் பிரிவு ஏற்படுத்த வேண்டாம். வெறும் பிரிவுப் பக்கத்துக்குள் வந்து ஏமாந்தவர் மறுபடி வரமாட்டார். பிரிவுப் பக்கத்தின் மேற்பகுதியில் அந்தச் சரக்கைப் பற்றி நாலைந்து வரி எழுதுவது அவசியம். ‘மிளகாய் வத்தல்’ பிரிவில் குண்டு மிளகாய்க்கும் சம்பா மிளகாய்க்கும் என்ன வித்தியாசம், எது எந்தச் சமையலுக்கு ஏற்றது என்று சொன்னால், எதை வாங்குவது என்று தெரியாமல் தேடுபவர்கள் அங்கே வந்து சேருவார்கள்.

ஒரு பொருளுக்கு ஒரு பக்கம்

அதிகமாக நடக்கும் தவறு, எல்லாச் சரக்கின் விலையையும் ஒரு பட்டியலாகத் தயாரித்து, அதைப் படமாக்கிப் போட்டுவிடுவது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு அது சரி. இணையக் கடைக்கு உதவாது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி படித்துக்கொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது. மேலும் 20 பொருள்கள் உள்ள ஒரே பக்கம், அந்த 20இல் எதைத் தேடுபவருக்கும் முழுப் பொருத்தமாக இருக்காது.

எனவே ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பக்கம் வேண்டும். அதற்காக அரைக் கிலோவுக்கு ஒரு பக்கம், 1 கிலோவுக்கு ஒரு பக்கம், 5 கிலோவுக்கு ஒரு பக்கம் என்று பிரிக்கக் கூடாது. மூன்று பக்கத்திலும் ஒரே விஷயம் இருப்பதால் எதைக் காட்டுவது என்று தேடுபொறிக்குக் குழப்பம் வரும். ஒரே பக்கத்தில் எடையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் போதும். உருவத்திலும் உபயோகத்திலும் வேறுபடுபவற்றுக்கு மட்டும் தனிப் பக்கம். முழு உளுந்து வேறு, உடைத்த தோல் உளுந்து வேறு. மல்லி விதை வேறு, மல்லித் தூள் வேறு.

வாங்குபவர் சொல்லும் பெயர்

பக்கத்தின் தலைப்பு மிக முக்கியம். தேடல் முடிவில் முதலில் தெரிவது அதுதான். ‘நமது தயாரிப்புகள்’, ‘தரமான பொருள்’, ‘பொருள் எண் 7’ என்ற தலைப்புகளால் பயனில்லை. ‘குதிரைவாலி அரிசி, கரிசல் மண் மானாவாரி விளைச்சல், குளத்தூர்’ என்பது நல்ல தலைப்பு. செல்போன் திரையில் தலைப்பின் பின்பகுதி வெட்டுப்பட்டுப் போகலாம் என்பதால் பொருளின் பெயர் முதலில் வர வேண்டும். ஒரு தலைப்பை இரண்டு பக்கங்களுக்கு வைக்கக் கூடாது. தலைப்புக்குக் கீழே தெரியும் இரண்டு வரிச் சுருக்கத்தையும் பக்கத்துக்குப் பக்கம் தனித்தனியே எழுத வேண்டும். அந்தச் சுருக்கத்தால் வரிசையில் இடம் உயராது. ஆனால் அதைப் படித்துத்தான் தேடியவர் உள்ளே வருவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்.

நாம் சொல்லும் பெயரும் வாங்குபவர் சொல்லும் பெயரும் ஒன்றாக இருப்பதில்லை. நாம் வத்தல் என்கிறோம். வேறு ஊர்க்காரர் காய்ந்த மிளகாய் என்றோ வரமிளகாய் என்றோ தேடுவார். குண்டு மிளகாயை முண்டு மிளகாய் என்பவர் உண்டு. நமக்குக் கருப்பட்டி, சிலருக்குப் பனைவெல்லம். நமக்குத் தோல் உளுந்து. சென்னைக்காரருக்குக் கறுப்பு உளுந்து. நகரத்தில் படித்தவர்கள் குதிரைவாலியை ‘பார்ன்யார்டு மில்லட்’ என்று ஆங்கிலத்தில் தேடுகிறார்கள். தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுபவர்களும் நிறையப் பேர்.

ஆகவே, முக்கியப் பெயரைத் தலைப்பில் போட்டு, மற்றப் பெயர்களைப் பக்கத்துக்குள் இயல்பான வாக்கியமாக எழுத வேண்டும். ‘எங்கள் பக்கம் வத்தல் என்று சொல்லும் இதைக் கொங்குப் பகுதியில் வரமிளகாய் என்பார்கள்’ என்று எழுதினால் படிப்பவருக்கும் உபயோகம். அதே சொல்லை 20 முறை திரும்பத் திரும்பப் போட்டால் தேடுபொறி அதை ஏமாற்று வேலையாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

அவுரியில் எச்சரிக்கை தேவை

பெயர் விஷயத்தில் விற்பனை மட்டும் அல்ல, வாங்குபவரின் உடல்நலமும் அடங்கியிருக்கிறது. இதற்கு நம் மாவட்டத்துப் பயிர் ஒன்றே உதாரணம். உலக மருந்துச் சந்தையில் ‘திருநெல்வேலி சென்னா’ என்று பேர் பெற்ற மூலிகையை நம் பகுதியில் அவுரி என்றும் நிலாவாரை என்றும் சொல்கிறோம். இதன் இலை பேதி மருந்து. ஆனால் நீலச் சாயம் எடுக்கும் வேறொரு செடிக்கும் அவுரி என்றுதான் பெயர். அதன் இலைத் தூளைத் தலைமுடிக்குச் சாயமாக உபயோகிக்கிறார்கள்.

‘அவுரி இலைத் தூள்’ என்று மட்டும் ஒரு பக்கத்தில் எழுதியிருந்தால், தலைக்குச் சாயம் தேடுபவரும் வருவார், மலச்சிக்கலுக்கு மருந்து தேடுபவரும் வருவார். மருந்து தேடியவர் சாயத் தூளை வாங்கிச் சாப்பிட்டுவிடக் கூடும். இப்படிப்பட்ட சரக்குக்கு ‘சென்னா அவுரி’, ‘நீல அவுரி’ என்று தலைப்பிலேயே பிரித்துக் காட்ட வேண்டும். தாவரவியல் பெயரையும் தமிழ் எழுத்தில் ஒருமுறையும் ஆங்கில எழுத்தில் ஒருமுறையும் போடுவது அவசியம். சென்னா இலையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் மருத்துவர் சொல்லாமல் சாப்பிடக் கூடாது என்ற எச்சரிக்கையும் வேண்டும். தெளிவாக எழுதிய பக்கம் தேடுபொறிக்கும் நல்லது, வாங்குபவருக்கும் நல்லது.

எந்தக் குளத்தூர்?

ஊர்ப் பெயரிலும் இதே சிக்கல் உண்டு. குளத்தூர் என்ற பெயரில் புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஊர் இருக்கிறது. சென்னையில் கொளத்தூர் இருக்கிறது. மேட்டூர்ப் பக்கமும் கொளத்தூர் இருக்கிறது. வெறும் ‘குளத்தூர்’ என்று போட்டால் தேடுபவர் வேறு ஊருக்குப் போய்விடுவார். கடையின் எல்லாப் பக்கங்களின் அடியிலும் ‘குளத்தூர், விளாத்திகுளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்’ என்று அஞ்சல் குறியீட்டு எண்ணுடன் முழு முகவரி இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்துக் கூட்டலை ஒரே மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். கூகுள் வரைபடத்தில் கிடங்கின் இடத்தைப் பதிவு செய்வதற்குக் கட்டணம் இல்லை. அங்கும் இதே முகவரி, இதே தொலைபேசி எண்ணைக் கொடுப்பது நல்லது.

பக்கத்தில் என்ன எழுதுவது?

மற்றொரு கடையின் பக்கத்தில் இருப்பதை எடுத்து ஒட்டுவது பலன் தராது. மேம்போக்காக எழுதப்பட்ட பக்கங்களையும் நகல் பக்கங்களையும் பின்னுக்குத் தள்ளும் மாற்றத்தைக் கூகுள் 2011இலேயே கொண்டுவந்துவிட்டது. விவசாயியிடம் பிறரிடம் இல்லாத விவரங்கள் இருக்கின்றன. அவற்றை எழுதினால் போதும். உதாரணமாக:

1. ரகம். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகமா, நாட்டு ரகமா?

2. விளைந்த விதம். மானாவாரியா, இறவையா? எந்த மாதம் விதைத்தது, எந்த மாதம் அறுவடை?

3. பக்குவம். வத்தலைத் தார்ப்பாயில் காய வைத்ததா, காம்பு கிள்ளியதா, ஈரப்பதம் எவ்வளவு? சேமிப்புக்கு ஈரப்பதம் 10 சதவீத அளவில் இருப்பது நல்லது.

4. உபயோகம். குதிரைவாலி அரிசி ஒரு பங்குக்குத் தண்ணீர் இரண்டு முதல் இரண்டரைப் பங்கு. தோல் உளுந்தில் உளுந்தஞ்சோறு பொங்கும் முறை.

5. வைத்திருக்கும் முறை. எத்தனை மாதம் கெடாமல் இருக்கும்? வண்டு விழாமல் எப்படிப் பாதுகாப்பது?

6. விலை, நிகர எடை, அனுப்பும் செலவு, எத்தனை நாளில் சேரும், சரக்கு கெட்டிருந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்ற விவரங்கள்.

இதில் ஆறாவது இனம் விருப்பத்தைப் பொறுத்தது அல்ல. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி விற்பவரின் பெயர், முகவரி, மொத்த விலை, திருப்பி எடுக்கும் நிபந்தனை ஆகியவற்றை வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும். உணவுப் பொருள் விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ பெற்று, அந்த எண்ணையும் போட வேண்டும்.

குதிரைவாலி சாப்பிட்டால் சர்க்கரை நோய் தீரும் என்பது போன்ற வாசகங்களை எழுதவே கூடாது. உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 2018ஆம் ஆண்டின் உணவு விளம்பர ஒழுங்குமுறை விதிகள் தடை செய்கின்றன. தேடி வருபவரை இழுக்க இது சுலபமான வழி போலத் தோன்றும். ஆனால் புகார் வந்தால் நிறுவனத்தில் பங்கு போட்ட எல்லா விவசாயிகளுக்கும் சிரமம்.

பிறர் பெயரில் விற்கலாமா?

பேர்பெற்ற பெயரைப் பக்கத்தில் போட்டால் அதிகம் பேர் வருவார்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். இதில் கவனம் தேவை. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கும் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கும் 2023இல் கிடைத்தது. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி, பதிவான பெயரை உபயோகிக்கும் உரிமை, அங்கீகரிக்கப்பட்ட உபயோகிப்பாளராகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கே உண்டு.

ஆகவே விளாத்திகுளம் பகுதியில் விளைந்த குண்டு மிளகாய்க்கு ‘ராமநாதபுரம் குண்டு மிளகாய்’ என்று தலைப்பு வைப்பது சட்டப்படி தவறு. வேம்பாரில் காய்ச்சிய கருப்பட்டியை உடன்குடிக் கருப்பட்டி என்று விற்பதும் தவறு. வேம்பார்க் கருப்பட்டி என்று சொந்தப் பெயரிலேயே எழுதினால் போதும். அந்தப் பெயரைத் தெரிந்து தேடுபவர்களும் உண்டு. கடலைமிட்டாய் செய்து விற்பவர்கள் குறியீட்டில் தங்களைப் பதிவு செய்துகொண்டு, பதிவு எண்ணைப் பக்கத்தில் காட்டினால் வாங்குபவருக்கு நம்பிக்கை ஏற்படும்.

படமும் விலாசமும்

ஒவ்வொரு பக்கத்துக்கும் நாலைந்து சொந்தப் படங்கள் வேண்டும். கையில் அள்ளிய சரக்கு, களத்தில் காயும் சரக்கு, கட்டிய பொட்டலம் என்று எடுக்கலாம். படத்தின் அளவைச் சுருக்கிய பிறகே ஏற்ற வேண்டும். செல்போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் பக்கம் திறக்கத் தாமதமாகும். வாங்க வந்தவர் பொறுக்காமல் போய்விடுவார். கூகுள் இப்போது தளத்தின் செல்போன் வடிவத்தையே முதன்மையாகப் படிக்கிறது. எனவே கடையைச் செல்போனில் திறந்து பார்த்தே சோதிக்க வேண்டும். படத்தோடு மறைவாக எழுதும் விளக்க வரியில் ‘தார்ப்பாயில் காயும் குண்டு மிளகாய் வத்தல், குளத்தூர்’ என்று போடுவது நல்லது. பார்வை இல்லாதவர்களுக்குக் கருவி வாசித்துக் காட்டுவதும் அந்த வரியைத்தான்.

பக்கத்தின் விலாசம் சுருக்கமாக இருக்கட்டும். தமிழ் எழுத்தில் வைத்தாலும் கூகுள் படித்துக்கொள்ளும். ஆனால் அதை நகல் எடுத்து அனுப்பும்போது பல இடங்களில் நீளமான குறிகளாக மாறிவிடுகிறது. ஆகவே பொருளின் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி விலாசமாக வைப்பது வசதி. வைத்த விலாசத்தை மாற்றாமல் இருப்பது உத்தமம். மாற்றியே தீர வேண்டுமானால், பழைய விலாசத்துக்கு வருபவரைப் புதிய விலாசத்துக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும்.

சரக்குத் தீர்ந்துவிட்டால்

மானாவாரி விவசாயிக்கு இது முக்கியமான விஷயம். கம்பெனிச் சரக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும். நம் சரக்கு ஆடி, ஆவணியில் தீர்ந்து போகலாம்; மழை தவறிய ஆண்டில் மாசியிலேயே தீரலாம். தீர்ந்ததும் பக்கத்தை அழித்துவிடுகிறார்கள். மறு ஆண்டு புதிதாகப் பக்கம் போடுகிறார்கள். இதனால் ஓராண்டாகச் சேர்ந்த பலன் முழுவதும் வீணாகிறது.

பக்கத்தை அழிக்க வேண்டாம். ‘இருப்பு இல்லை, அடுத்த அறுவடை தை மாதம்’ என்று எழுதி, வாங்க விரும்புபவர் தொலைபேசி எண்ணைப் பதிந்து வைக்கும் வசதியைக் கொடுங்கள். இருப்பில் உள்ள வேறு சரக்குகளுக்கு இணைப்பும் கொடுங்கள். அறுவடை வந்ததும் அதே பக்கத்தில் புதிய விலையையும் புதிய அறுவடை மாதத்தையும் போட்டால் போதும். ஒரே பக்கம் வருஷா வருஷம் வேர் பிடித்து நிற்கும்.

தளம் செய்பவரிடம் கேட்க வேண்டியவை

சில வேலைகளைக் கணிப்பொறி தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். பணம் கொடுக்கும் முன் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விலை, இருப்பு ஆகிய விவரங்கள் தேடுபொறிக்குப் புரியும் குறிமுறையில் இருக்கின்றனவா? இதற்கான பொதுக் குறிமுறையைக் கூகுளும் மற்றத் தேடுபொறி நிறுவனங்களும் சேர்ந்து 2011இல் வெளியிட்டன. இது சரியாக இருந்தால் தேடல் முடிவிலேயே விலையும் இருப்பும் தெரிய வாய்ப்பு உண்டு.

விலைவாரியாக, எடைவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வசதியால் ஒரே சரக்குக்குப் பல விலாசங்கள் உண்டாகின்றனவா? அப்படியானால் எது மூல விலாசம் என்று குறிக்க வேண்டும். இதற்கான குறி 2009 முதல் நடைமுறையில் உள்ளது.

எல்லாப் பக்கங்களின் விலாசங்களும் அடங்கிய தள வரைபடக் கோப்பு உண்டா? ஒரு கோப்பில் 50,000 விலாசங்கள் வரை போடலாம். நமக்கு 30 விலாசம்கூட வராது.

கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவச வசதியில் தளம் பதிவாகியிருக்கிறதா? எந்தப் பக்கம் பேரேட்டில் ஏறியது, எந்தச் சொல்லைத் தேடி எத்தனை பேர் வந்தார்கள் என்று அதில் பார்க்கலாம்.

தளப்பெயரும் கடவுச்சொற்களும் விவசாயிகளின் நிறுவனத்தின் பெயரில் இருக்கின்றனவா? தளம் செய்தவர் பெயரில் இருந்தால், அவரோடு மனத்தாங்கல் வரும் நாளில் கடையே கைவிட்டுப் போகும்.

ஏமாற வேண்டாம்

‘பணம் கொடுங்கள், கூகுளில் முதல் இடம் வாங்கித் தருகிறோம்’ என்று தொலைபேசியில் பேசுபவர்கள் உண்டு. முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே அறிவித்திருக்கிறது. பணம் கட்டி விளம்பரம் போடலாம். அது விளம்பரம் என்ற குறியுடன் தனியாகத் தெரியும். சாதாரண வரிசையில் இடத்தைக் கூகுள் காசுக்கு விற்பதில்லை.

பக்கத்துக்குள் மறைவாக நூறு சொற்களைத் திணிப்பதாகச் சொல்பவரையும் நம்ப வேண்டாம். அப்படித் தரப்படும் சொற்பட்டியலை வரிசைப்படுத்துவதற்குத் தான் உபயோகிப்பதில்லை என்று கூகுள் 2009இலேயே தெரிவித்துவிட்டது. பொய்யான பாராட்டு மதிப்புரைகளை எழுதிப் போடுவதும் கூடாது. மின்வணிக விதிகள் அதைத் தடை செய்கின்றன. சரக்கு வாங்கியவரிடம் கேட்டு, அவரே எழுதுவதைப் போடுங்கள். குறை சொல்லி எழுதியிருந்தால் அதற்குப் பதிலும் எழுதுங்கள்.

யாருக்கு ஏற்றது?

ஒரு ஏக்கரில் உளுந்து விளைவிப்பவர் தனியாக இணையக் கடை வைப்பது கட்டுப்படியாகாது. தளச் செலவு, பொட்டலச் செலவு, கூரியர் செலவு, போன் எடுக்க ஆள் என்று பார்த்தால் கைக்காசு போகும். பலர் சேர்ந்த நிறுவனமாக, தரம் பிரித்த சரக்கு ஆண்டில் பல மாதங்களுக்கு இருப்பில் இருந்தால்தான் இது ஏற்றது. மூட்டைக் கணக்கில் ஒரே நாளில் விற்க வேண்டியவர்களுக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடமும், 2016இல் தொடங்கிய மின்னணு தேசிய வேளாண் சந்தையும் இருக்கின்றன. விளைச்சலில் ஒரு பகுதியை மட்டும் சுத்தம் செய்து, பொட்டலமாக்கி இணையக் கடைக்கு வைத்துக்கொண்டு, மீதியை வழக்கம்போல் விற்பது பாதுகாப்பான முறை.

எப்போது தொடங்குவது?

தளத்தில் செய்யும் திருத்தங்களின் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம் என்பது கூகுள் தரப்பில் சொல்லப்பட்ட கணக்கு. அறுவடை முடிந்து சரக்கு களத்தில் கிடக்கும்போது பக்கத்தை எழுதத் தொடங்கினால், தேடுபொறி அதைக் கவனிப்பதற்குள் வட்டிக்காரர் வாசலுக்கு வந்துவிடுவார். சரக்கை வந்த விலைக்குத் தள்ள வேண்டியிருக்கும்.

ஆகையால் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு முடிந்த கையோடு பக்கத்தையும் தயார் செய்யுங்கள். ஐப்பசியில் ரகம், விதைத்த தேதி, நிலத்தின் படம் ஆகியவற்றுடன் பக்கத்தைத் திறந்து, ‘அறுவடை தை மாதம்’ என்று போடுங்கள். கார்த்திகையில் பேரேட்டில் ஏறிவிட்டதா என்று சர்ச் கன்சோலில் பாருங்கள். மார்கழியில் பூவும் காயுமாக நிற்கும் படத்தைச் சேருங்கள். தையில் விலையையும் இருப்பையும் போடுங்கள். மாசியில், என்ன சொல்லைத் தேடி ஆட்கள் வந்தார்கள் என்று பார்த்து, அந்தச் சொல் பக்கத்தில் இல்லையென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆண்டில் 20 பொருளுக்குப் பக்கம் போட வேண்டியதில்லை. உங்கள் ஊர்ச் சரக்கில் எது நன்றாக இருக்கும் என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்களோ, அந்த ஒரு சரக்குக்கு ஒரு பக்கத்தைச் சரியாக எழுதி, ஒரு போகம் பார்த்துவிட்டு மேற்கொண்டு செய்யலாம்.